ஐயாவுக்கு எடுப்பான நிறம்

ஜன்னல் அக்காவுக்குத் தலை வெளுத்தது கவலையால் அல்ல, வயதாலும் அல்ல. அது அவர்கள் குடும்பத்து வாகு. அவருடைய அப்பாவுக்கு மீசை கறுத்திருக்கும்போதே தலை வெளுத்துவிட்டதாம். அக்காவுக்கு முப்பது தாண்டியதும் காதோரம் தொடங்கி, நாற்பதுக்குள் ஒரு இழை விடாமல் பரவி, சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி ஒரு வெள்ளை. எங்கள் தெருவில் அந்த முடியைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. நானும் எப்போதாவது பேசியிருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் இல்லை.

தண்ணீர் வாரியத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருவது அவர் வேலை. தண்ணீர் வராதவர்களும், வந்தது கலங்கலாக இருந்தவர்களும், வராத தண்ணீருக்குக் கட்டணச் சீட்டு பெற்றவர்களும் அந்த ஜன்னலில் வந்து கத்தலாம் என்பது வாரியம் மக்களுக்குச் செய்து கொடுத்திருக்கும் வசதி. ஆனால் கத்த வந்தவர்கள் அந்த வெள்ளைத் தலையைப் பார்த்ததும் குரலை இறக்கிவிடுவார்கள். "அம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கணும், குழாய்ல காத்துதான் வருது" என்பார்கள், தண்ணீரை நிறுத்தியது தாங்களே என்பது போல.

இதற்காக வாரியம் அக்காவுக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கலாம். மாறாக, தோற்றப் பொலிவுக் குழுவின் முன் வந்து நிற்கும்படி சொல்லி அனுப்பியது.

அன்று காலை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் துணி உலர்த்தும் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அக்கா என்னிடம் சொன்னார். பிழிந்த துண்டை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தார். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு சொல்லலையா?"

"தலையைப் பத்தியாம்."

"அதுல என்ன இருக்கு?"

"தெரியலையேடி. போன தடவை ஒருத்தரைக் கூப்பிட்டப்ப, செருப்பைப் பத்தின்னு சொன்னாங்க. இப்ப அவர் உப்பளத்துல இருக்கார்."

உப்பளம் என்றால் வாரியத்தின் உப்பளக் கிளை. கடலோரத்தில், சாலை முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் போனால் வரும். அங்கே குடிநீர் கிடையாது. குடிநீர் இல்லாததால் புகார் அதிகம். புகார் அதிகம் இருப்பதால் அலுவலகம் அவசியம். அலுவலகம் இருப்பதால் அதற்கு ஆள் அனுப்ப வேண்டும். வாரியத்துக்கு யாரையாவது பிடிக்காமல் போனால், அவருக்கு அந்த வேலையில் ஆர்வம் இருப்பதாகக் கண்டுபிடிப்பார்கள்.

மற்றவர்களுக்கு உப்பளம் என்றால் எரிச்சல். அக்காவுக்கு அது வேறு. அவர் கணவர் கிரேன் அண்ணன், முன்பு பெரிய கட்டடங்களுக்கு மேலே பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டியவர், இப்போது இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு உயிர் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். அக்கா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார், பிடித்து நடத்திக்கொண்டு வருவார். உப்பளத்தில் அந்த இயந்திரம் இல்லை. தண்ணீரே இல்லாத ஊரில் ரத்தத்தை எதில் கழுவுவது? அவரை இங்கே விட்டுப் போனால் நடத்திக் கூட்டிப்போக ஆளில்லை. அக்காவை உப்பளத்துக்கு மாற்றுவது என்றால், சுற்றி வளைக்காமல் சொன்னால், அண்ணனைக் கொல்வது. வாரியத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'நிர்வாக நலன்' என்பார்கள்.

குழுவில் இரண்டு பேர். துணை இயக்குநர்தான் தலைவர். அவர் தலையில் இருந்த முடி அவருடையது அல்ல. அது எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது என்பது அலுவலக நடைமுறை. இன்னொருவர் கணக்கு அதிகாரியம்மா. பழுப்புச் சாயம், வழுவழுவென்று, பாலிஷ் போட்ட நாற்காலிக் கை மாதிரி.

"உட்காருங்க" என்றார் துணை இயக்குநர். அக்கா உட்கார்ந்தார். உட்காரச் சொல்கிறார்கள் என்றால் விஷயம் மோசம் என்று அவருக்குத் தெரியும்.

"தனிப்பட்ட முறையில எனக்கு உங்க முடி மேல எந்த வருத்தமும் கிடையாதும்மா. நல்ல முடி. ஆனா போன வாரம் என்ன நடந்துச்சு? ஒரு புகார்க்காரர் வந்தார். என்னைத் தாண்டிப் போனார். இயக்குநர் ஐயாவையும் தாண்டிப் போனார். உங்க முன்னாடி போய் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். உங்களைத்தான் இயக்குநர்னு நினைச்சிருக்கார்."

"நான் இல்லைன்னு சொல்லிட்டேங்க."

"சொன்னீங்க. அவர் நம்பலையே! நாங்க இவ்வளவு பாடுபட்டு எதுக்கு மேல வந்தோம்? பொதுமக்கள்கிட்ட பேசாம இருக்கத்தானே? ஆனா நாங்க பேசாம இருக்கிறது வேற, அவங்க எங்ககிட்ட பேச வராம இருக்கிறது வேற. முதலாவது நிர்வாகம். ரெண்டாவது அவமரியாதை."

கணக்கு அதிகாரியம்மா கனிவாகக் குறுக்கிட்டார். "பயப்படாதீங்க. உங்களுக்கு எடுப்பா ஒரு நிறம் போட்டுக்கங்க, அவ்வளவுதான். எங்களுக்கெல்லாம் நீங்க அழகா இருக்கணும்னு ஆசை."

துணை இயக்குநர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த வாரிய வரைபடத்தை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது. அவர் விரல் மட்டும் கடலோரத்தில் கொஞ்ச நேரம் தங்கியது.

"போட்டுக்கறேங்க" என்றார் அக்கா.

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு தெருமுனைப் பார்லருக்குப் போனார். பார்லர்க்காரி நல்ல பெண். தொழிலில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. அக்காவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, மணிக்கட்டைத் திருப்பி நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்தாள். அதை வைத்துத்தான் தோலுக்கு எந்த நிறம் ஒத்துப்போகும் என்று முடிவு செய்வார்களாம். வளையத்தில் கோத்திருந்த சாம்பிள் முடிக் கற்றைகளை ஒவ்வொன்றாக அக்காவின் கன்னத்தோரம் வைத்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் துளி சாயம் தடவிவிட்டு, அரிக்கிறதா பார்த்து மறுநாள் வரச் சொன்னாள்.

மறுநாள் அக்காவுக்குத் தேன் கலந்த பழுப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணாடியில் பார்த்ததும் எனக்கே வயிறு எரிந்தது. கிரேன் அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா நீ? என் பொண்டாட்டி வர்ற நேரம், சீக்கிரம் கிளம்பு" என்றார்.

அக்கா சிரித்தார். அந்த மாதத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு.

மறுநாள் காலை பத்தரைக்கெல்லாம் அவரை மேலே கூப்பிட்டுவிட்டார்கள். கணக்கு அதிகாரியம்மாவின் கண்ணில் முந்தாநாள் இருந்த கனிவு இல்லை.

"பழுப்பு என்னோடது."

"அம்மா, எனக்குத் தெரியாதுங்க. எங்கயும் எழுதியிருக்கலையே..."

"எழுதினா சண்டை வரும்னுதான் எழுதலை. கறுப்பு, துணை இயக்குநர் சார் கிரேடுக்கு. பழுப்பு, எனக்கு. செம்பட்டை, ஐயாவுக்கு மட்டும். கண்ணு இருக்கில்ல உங்களுக்கு?"

துணை இயக்குநர் பெருமூச்சு விட்டார். "அது கூட பரவாயில்லை. இந்த நிறம் உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு. அதான் பெரிய பிரச்சினை."

"எனக்கு எடுப்பா இருக்கணும்னு நீங்கதானே சார்..."

"ஐயோ அம்மா! எடுப்புன்னா உங்களுக்கா? ஒரு அலுவலகத்துல கீழ இருக்கிறவங்க தலைமுடி யாருக்கு எடுப்பா இருக்கணும்? மேல இருக்கிறவருக்கு. என் உதவியாளரைப் பாருங்க. அவர் முடி எனக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு!"

கதவோரம் நின்ற உதவியாளர் தலையைக் குனிந்து முடியைக் காட்டினார். பாதி உதிர்ந்திருந்தது. மிச்சத்தையும் அவர் மனசார உதிர்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

பார்லர்க்காரியை அலுவலகத்துக்கே வரவழைத்தார்கள். ஓய்வறையிலிருந்து ஆள் உயரக் கண்ணாடியைக் கழற்றி இயக்குநர் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி. நாற்காலியில் இயக்குநர் ஐயா. ஐயாவின் தலை செம்பட்டை. இயற்கையில் அந்த நிறத்தைத் துருப்பிடித்த வாளியில் பார்க்கலாம். ஐயாவுக்குப் பின்னால் அக்காவை நிற்கவைத்தார்கள்.

பார்லர்க்காரி பழக்கதோஷத்தில் முடிக்கற்றையை எடுத்து அக்காவின் கன்னத்தோரம் வைத்து, அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க என்னம்மா பார்க்கிறே? ஐயா முகத்தைப் பாரு" என்றார் துணை இயக்குநர்.

"சாயம் இவங்களுக்குத்தானே சார்?"

"சாயம் இவங்களுக்கு. முகம் ஐயாவுக்கு."

அவள் அக்காவின் மணிக்கட்டைத் திருப்பியபோதும் அதட்டினார்கள். கடைசியில் இயக்குநரே கையை நீட்டினார். பார்லர்க்காரி அவர் நரம்பைப் பார்த்து, "பச்சைங்க" என்றாள். "பச்சை" என்று கணக்கு அதிகாரியம்மா உரக்கச் சொன்னார். "பச்சைதான் சார், உங்களுக்கு எப்பவுமே பச்சைதான்" என்றார் துணை இயக்குநர், பல வருடங்களாக அந்த நரம்பை நம்பியே வாழ்ந்தவர் போல.

பிறகு கற்றை மாற்றிக் கற்றை அக்காவின் தலையில் வைத்தார்கள். கறுப்பு வைத்ததும் கண்ணாடியில் ஐயாவின் கன்னம் தொங்கியது, கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. "எடு, எடு, எடு!" என்று ஐயாவே கத்தினார். மாநிறப் பழுப்பில் அவர் காமாலை கண்டவர் மாதிரி தெரிந்தார். சிவப்பில் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு கற்றை தப்பாகும்போதும் மூன்று பேரும் திரும்பி அக்காவைக் குற்றவாளியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். அக்கா ஐயாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததும் நாற்காலி நடுங்கியது.

"ஏன் நாற்காலி ஆடுது?" என்றார் ஐயா.

"பயம்ங்க" என்றார் அக்கா.

"நல்லது" என்றார் ஐயா.

கடைசியாக ஒரு சாம்பல் நிறம். வெள்ளையும் அல்ல, கறுப்பும் அல்ல. அடுப்பை அணைத்து நேரமாகிவிட்ட சாம்பல். அதை வைத்ததும் அக்காவின் முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க எங்கேயோ போனது. எங்கே போனது என்று கண்ணாடியைப் பார்த்தால் தெரிந்தது: ஐயாவின் கன்னத்துக்குப் போயிருந்தது. ஐயா ரோஜாப்பூ மாதிரி மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், காலேஜ் பையன் மாதிரி இருக்கீங்க!" என்று துணை இயக்குநர் கைதட்டினார்.

ஐயா தன்னையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். "நான் தற்பெருமைக்காரன் இல்லை. ஆனா ஒரு நிறுவனம்னா அதுக்கு ஒரு முகம் வேணும். அந்த முகம் நான். முகத்துக்குப் பின்னாடி மத்த எல்லாரும் சுவர். சுவர் நல்லா இருந்தா சுவரைத்தான் பார்ப்பாங்க. நாற்பது லட்சம் பேருக்குத் தண்ணி குடுக்கிற பொறுப்பு எனக்கு. அவங்களுக்குத் தண்ணி வருதான்னு என்னால ஒவ்வொரு வீடா போய்ப் பார்க்க முடியுமா? என்னைப் பார்த்தாவது அவங்க தெம்பா இருக்கட்டும்."

அன்று முதல் அக்காவுக்குப் புகார் ஜன்னல் கிடையாது. ஐயா எங்கே உட்கார்ந்தாலும் பின்னால் போய் நிற்பது வேலை. ஜன்னலை மூடிவிட்டார்கள். புகார்கள் குறைந்துவிட்டதாக ஆண்டறிக்கையில் வந்தது.

சாம்பல் நிறத்தோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து நான் கதவை முழுதாகத் திறக்கவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். ஆஸ்பத்திரியில் இன்னும் மோசம். கிரேன் அண்ணனைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போனவரை, புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி பார்த்தாள். ஓடி வந்து அக்காவைத் தாங்கி, கட்டிலில் படுக்கவைத்து, கையில் நரம்பு தேட ஆரம்பித்துவிட்டாள்.

"நான் இல்லம்மா, அவரு" என்றார் அக்கா, படுத்தபடியே.

"பேசாதீங்க, தெம்பு போயிடும்" என்றாள் நர்ஸ். அண்ணனைப் பார்த்து, "நீங்க வெளிய உட்காருங்க சார், உறவுக்காரங்க உள்ள இருக்கக் கூடாது" என்றாள்.

அக்கா ஏன் உடனே எழுந்துகொள்ளவில்லை என்று பின்னால் கேட்டேன். அதட்டினால் படுத்துக்கொள்வது என்று உடம்பு பழகிவிட்டதாகச் சொன்னார்.

அந்த மாதம் வாரியத்தின் குழுப்படம் எடுத்தார்கள். நடுவில் ஐயா, பின்னால் அக்கா. படம் மேலிடத்துக்குப் போனது. அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதைத் துணை இயக்குநர்தான் வாசித்தாராம். வாசிக்க வாசிக்க அவர் குரல் மட்டும் சந்தோஷப்பட்டுக்கொண்டே போனதாம்.

'இயக்குநரின் இளமைத் துடிப்பு படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இதுவரை அவரை முதியவர் என்று கருதிக் கடினமான பணிகளிலிருந்து விலக்கி வைத்திருந்தோம். அந்தத் தவறு திருத்தப்படுகிறது. உப்பளக் கிளையின் பொறுப்பை அவர் நேரில் ஏற்க வேண்டும். அவருடன் நாற்காலி, மேசை, பின்னால் நிற்கும் பெண் ஊழியர் ஆகியோரும் செல்ல வேண்டும்.'

அன்று அக்கா வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அண்ணனின் குரல் மட்டும் கேட்டது.

"என்னம்மா, சாப்பிடலையா?"

பதில் இல்லை.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

பிறகு குழாயைத் திறக்கிற சத்தம். அதிலும் ஒன்றும் வரவில்லை.

இயக்குநர் ஐயா பயத்தில் அக்காவை மிஞ்சிவிட்டார். விடிந்ததும் மேலிடத்துக்கு ஓடி, தனக்கு நிஜமாகவே வயதாகிவிட்டது, நேரில் வந்து பார்த்தால் தெரியும் என்று கெஞ்சி, உத்தரவு போட்ட ஆணையரை வரச் சம்மதிக்க வைத்திருந்தார். அதே கண்ணாடி, அதே நாற்காலி. பார்லர்க்காரியை மறுபடி கூப்பிட்டார்கள்.

"எனக்கு வயசாகணும்" என்றார் ஐயா. "எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"உங்க தலைக்கு வெள்ளை அடிச்சா ஆச்சே சார்" என்றாள் அவள்.

"என் தலையைத் தொடாதே! கண்ணியம்னு ஒன்னு இருக்கு. அன்னைக்கு ஒரு கறுப்பு வச்சியே, இவங்க தலையில, அதைப் போடு. நல்லாப் போடு."

பார்லர்க்காரி அக்காவின் காதோடு, "அக்கா, சாயத்து மேல சாயம், தோல் எரியும்" என்றாள். அக்கா தலையை நீட்டினார். எரிந்ததாம். எரிகிறது என்று சொன்னால் அதற்கும் ஏதாவது ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாராம். ஆனால் அந்தப் பெண் ஏதோ வைராக்கியத்தில் கறுப்பை அப்படிப் போட்டிருந்தாள். மூக்கு நுனி வரை பளபளப்பு ஏறி, அக்கா யாரோ வீட்டுப் புதுமருமகள் மாதிரி எழுந்து நின்றார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஐயா, அவசரமாக உறவினர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய நிலையில் தெரிந்தார்.

ஆணையர் வந்தார். கனமான ஆள், காலணிச் சத்தம் அவருக்கு முன்பே மாடியேறி வந்தது. தன் தோற்றம் பற்றி அக்கறை உள்ளவர் என்பது அவர் கைக்குட்டையிலேயே தெரிந்தது. ஐயாவை ஒரு பார்வை பார்த்தார்.

"அடப்பாவமே. இவரை எங்கயும் அனுப்ப வேண்டாம். இந்த அறையைத் தாண்டி அனுப்பறதே ஆபத்து. உத்தரவு ரத்து."

ஐயா கண்ணீர் விட்டார். அது அவரை இன்னும் முதியவராக்கியது. அக்காவும் மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் ஆணையரின் கண் அவர் மேல் வந்து நின்றது.

"இந்தப் பொண்ணு யாரு? நல்ல இளவயசா இருக்கே. உப்பளத்துக்கு இப்படித்தான் ஆள் வேணும். இவங்களை மட்டும் அனுப்புங்க."

அக்கா ஆணையரைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "ஐயா, எனக்கு அம்பத்தி நாலு வயசுங்க. வீட்டுக்காரருக்கு ஒன்னுவிட்டு ஒரு நாள் மிஷின்ல..."

"வயசை யாரும் சொல்லி நான் நம்பறதில்லம்மா. காகிதத்தையும் நம்பறதில்லை. கண்ணுக்குத் தெரியறதுதான் உண்மை. எதையும் படிக்காமலே இந்தப் பதவிக்கு வந்தவன் நான்." ஐயாவின் பக்கம் திரும்பினார். "இவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?"

இந்த இடத்தில் ஐயா உண்மையைச் சொன்னால் சாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயத்தைப் பற்றிச் சொன்னால் தன் முதுமை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஐயா அக்காவைப் பார்த்தார். பல வருடமாகத் தன் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணை அப்போதுதான் முதல்தடவையாக முகத்துக்கு நேராகப் பார்த்தாராம்.

"புதுசா சேர்ந்த பொண்ணு சார்" என்றார். "சின்ன வயசு. துடிப்பான பொண்ணு."

"ஆமா சார், போன மாசம்தான்" என்றார் துணை இயக்குநர்.

"கையெழுத்து வைக்கிறேன், மேசையைக் காலி பண்ணுங்க" என்று ஆணையர் போய், ஐயா எழுந்து கொடுத்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடி.

அக்காவுக்கு அப்போது எதுவுமே ஓடவில்லையாம். கண்ணுக்கு முன்னால் அண்ணனின் கையில் செருகிய அந்த இரண்டு குழாய்கள் மட்டும் தெரிந்தன. ஆனால் அத்தனை நாளாகப் பயந்து பயந்து பழகிய கால் இருக்கிறதே, அது தானாக நடந்தது. நாற்காலியில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். போய் நின்றார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஆணையர் பேனா மூடியைத் திறந்தபடி யதேச்சையாக நிமிர்ந்தார்.

கண்ணாடியில் யாரோ ஒரு கிழவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கன்னம் வழிந்து கழுத்தில் தங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு சுருக்குப் பை. ஆணையர் வலப்பக்கம் சாய்ந்தார், கிழவரும் சாய்ந்தார். கைக்குட்டையை எடுத்தார், அவரும் எடுத்தார்.

"இது... இது யாரு?" என்றார் ஆணையர்.

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்தான் உப்பளத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

ஆணையர் தடாலென்று எழுந்து அறையின் அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து கழுத்தை நீட்டிக் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்சம் தேவலை. ஒரு அடி கிட்டே வந்தார். மறுபடி கிழவர். சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணை எங்கிட்டேருந்து தள்ளி நிறுத்துங்க!"

"உப்பளத்துக்கு அனுப்பிடலாம் சார், அதைவிடத் தள்ளி எதுவும் இல்லை" என்றார் துணை இயக்குநர் ஆர்வமாக.

"அறிவு இருக்காய்யா? உப்பளக் கிளையில இப்ப தற்காலிக அதிகாரியா இருக்கிறது யாரு தெரியுமா? என் மாப்பிள்ளை! கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகலை, அதுக்குள்ள அவனைக் கிழவனாக்கி என் பொண்ணுகிட்டே அனுப்பச் சொல்றியா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "எழுதிக்கங்க. இந்த ஊழியரை எந்த அதிகாரியும் உட்கார்ற, நடக்கிற, எட்டிப் பார்க்கிற இடத்துல வைக்கக் கூடாது. நிரந்தரமா. எந்த ஊர்லயும்."

இரண்டு நாள் யோசித்தார்கள். அதிகாரி எட்டிப் பார்க்காத இடம் என்று வாரியம் முழுவதும் தேடி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் நிஜமாகவே ஏற்றப்படுகிற இடம், எங்கள் பேட்டைப் பம்பு அறை. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு அதிகாரியும் கால் வைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில் இருக்கிறது.

இப்போது அக்கா அங்கேதான். சத்தமான அறை, ஈரமான தரை, ஒரு ஸ்டூல். தப்பித்துவிட்டார் என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தக் கறுப்பை விட முடியாது. வகிட்டில் வெள்ளை ஒரு நூல் எட்டிப் பார்த்தாலும் பதறிப் பார்லருக்கு ஓடுகிறார். வெளுத்தால் மறுபடி மரியாதை வந்துவிடும், மரியாதை வந்தால் மேலே கூப்பிடுவார்கள். வெளியில் காலணிச் சத்தம் கேட்டால் பம்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். தலை எரிச்சல் நிற்கவே இல்லை. தூக்கத்தில்கூடச் சொறிகிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது.

போன வியாழக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார், குழாய்களில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காமல், தலைமாட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய் ஒதுங்கி நின்றார்.

"எங்க போறே?" என்றார் அண்ணன்.

"இல்ல... நான் பக்கத்துல நின்னா நீங்க ரொம்ப வயசானவரா தெரியறீங்க. நர்ஸ் வேற பார்த்தா..."

அண்ணன் குழாய் செருகாத கையை நீட்டி, திரையோடு சேர்த்து அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"இங்க வா. கிழவனாகணும்னுதானே ஒன்னுவிட்டு ஒரு நாள் இந்த ஊசியைக் குத்திக்கிறேன்."